ஆபீஸ் ரூமிலிருந்து தொடங்குங்கள்: சிறிய கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு புரபோசல் வழிகாட்டி

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றால் எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் ஒரு சுற்றறிக்கை வரும். ஒவ்வொரு துறையும் இந்த மாதக் கடைசிக்குள் இரண்டு ஆராய்ச்சி புரபோசலாவது, அதாவது நிதி கேட்கும் ஆய்வுத் திட்ட விண்ணப்பமாவது, அனுப்பியாக வேண்டும் என்று. நாக்கின் அளவுகோல்களில் ஆராய்ச்சியும் ஒன்று. அதில் மதிப்பெண் தேவை. அந்தச் சுற்றறிக்கைக்குப் பயந்து பதினைந்து நாளில் எழுதிய புரபோசல் எதற்கும் பணம் வந்து நான் பார்த்ததில்லை.

என் முதல் புரபோசலும் அந்த ரகம்தான். பிஎச்.டி. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் 'எதிர்கால ஆய்வுகள்' என்று எழுதியிருந்த ஒரு பத்தியை இழுத்து நீட்டி, விலை உயர்ந்த அணு உறிஞ்சல் நிறமாலைமானி ஒன்றையும் கேட்டிருந்தேன். மதிப்பீட்டாளர் எழுதியது ஒரே வரி: இந்தக் கருவியை இயக்கவும் பராமரிக்கவும் கல்லூரியில் யார் இருக்கிறார்கள்? என்னிடம் பதில் இல்லை. எங்கள் லேபில் இருந்ததே ஒரு அசிஸ்டென்ட். பரீட்சை சமயத்தில் அவரும் ஹாலில் பெஞ்சு போடப் போய்விடுவார்.

நிதியுதவி பெறும் கல்லூரியிலோ சுயநிதிக் கல்லூரியிலோ அண்மையில் சேர்ந்து, பி.எஸ்சி., பி.ஏ. வகுப்புகளை வாரம் பதினாறு மணி நேரம் எடுத்துக்கொண்டு, இதுவரை ஒரு புரபோசலும் எழுதாதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஆபீஸ் ரூம்

ஆராய்ச்சிக் கேள்வியெல்லாம் அப்புறம். ஃபீஸ் கட்டும் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் பார்த்து ஆபீஸ் சூப்பிரண்டெண்டிடம் போய் உட்காருங்கள். முதலில் கேட்க வேண்டியது பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2(எஃப்), 12(பி) கடிதங்களின் நகல். முதலாவது, கல்லூரி யூ.ஜி.சி. பட்டியலில் இருக்கிறது என்பதற்கு. இரண்டாவது, மத்திய நிதி வாங்கத் தகுதி உண்டு என்பதற்கு. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் முதலாவது மட்டுமே இருக்கும். அப்படியானால் சில திட்டங்களின் கதவு அங்கேயே சாத்திவிட்டது என்று தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

அடுத்து அறக்கட்டளைப் பத்திரம், பான், மூன்றாண்டு தணிக்கை அறிக்கை, மத்திய அரசு நிதி வந்துசேரும் தளமான பி.எஃப்.எம்.எஸ்.ஸில் கல்லூரியின் பதிவு விவரம். தனியார் நிர்வாகம் என்றால், அறக்கட்டளைகள் பதிவு செய்யும் நிதி ஆயோக் தளமான தர்ப்பனின் எண்ணும் கேட்பார்கள். இது இல்லாத கல்லூரிகள் உண்டு. இணையத்தில் பதிவு செய்ய வேண்டியவர் உங்கள் நிர்வாகி, நீங்கள் இல்லை. அவரைப் பிடித்து உட்கார வைப்பதற்கே சில வாரம் ஆகலாம். எங்கள் கல்லூரியில் 12(பி) கடிதத்தைத் தேடி மூன்று பீரோவைக் குடைந்தோம். கடைசியில் அது முதல்வர் அறைச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. ஸ்டூல் போட்டு இறக்கி, கண்ணாடியைக் கழற்றி ஸ்கேன் செய்தோம்.

இவை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் பி.டி.எஃப்.ஆகப் போட்டு வையுங்கள். அடுத்த ஐந்து புரபோசலுக்கும் இதேதான்.

எந்தத் திட்டத்துக்கு?

பழைய பேராசிரியர்களைக் கேட்டால் யூ.ஜி.சி. மைனர் புராஜெக்டைச் சொல்வார்கள். கல்லூரி ஆசிரியர்கள் பலருக்கு அதுதான் முதல் படியாக இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று அறிவியலுக்குப் பெரிய வாசல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2008 சட்டப்படி அமைந்த செர்ப் (SERB) என்ற ஆராய்ச்சி நிதி வாரியத்தின் இடத்துக்கு 2023 சட்டத்தின் வழியாக வந்த அமைப்பு இது. அதன் பொதுப் போட்டியில் ஐ.ஐ.டி.க்காரர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் செர்ப் காலத்தில் தொடங்கிய டேர் (TARE) போன்ற திட்டங்களைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கல்லூரி ஆசிரியர் தன் வேலையில் இருந்துகொண்டே, பக்கத்திலுள்ள பெரிய நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் பகுதி நேரமாக வேலை செய்ய அது வழி விடுகிறது.

சமூக அறிவியல், வணிகவியல், பொருளாதாரம் என்றால் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டம் 2008 முதல் இருக்கிறது. இளநிலை அறிவியல் பாடங்களுக்கென்றே வந்தது, ஆனால் விண்ணப்பிப்பது தனி ஆசிரியர் இல்லை, கல்லூரி. கையைப் பழக்கிக்கொள்ளத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் திட்டம் நல்லது. தொகை சிறியது. ஆனால் நோக்கம், முறை, செலவு என்று எழுதி, பணம் வாங்கி, கணக்குக் கொடுத்து முடிக்கும் முழுச் சுற்றையும் ஓராண்டுக்குள் கற்றுக்கொள்ளலாம். பெரிய திட்டத்தில் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சில ஆயிரம் ரூபாயில் தெரிந்துகொள்ளலாம்.

எதுவானாலும் அந்த ஆண்டின் அறிவிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் கொடுத்த பழைய படிவத்தை நம்ப வேண்டாம். வயது வரம்பு, பக்க எண்ணிக்கை, எழுத்தளவு வரை மாறியிருக்கும். 'புரபோசல் எழுதித் தருகிறோம்' என்று வாட்ஸாப்பில் வரும் ஆட்களிடமும் போகாதீர்கள். நேர்காணலில் பதில் சொல்ல அவர்கள் வரமாட்டார்கள்.

கேள்வியைச் சுருக்குவது

பாதிப் புரபோசல்கள் விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாக. நீங்கள் தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை உள்ள மாணவர்களை வகுப்பிலேயே பார்க்கலாம். உடனே கை எழுதும் தலைப்பு: 'தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மாசு குறித்த ஓர் ஆய்வு.'

இதைப் படிக்கும் மதிப்பீட்டாளர் இதே தலைப்பை மாவட்டப் பெயர் மட்டும் மாறி எத்தனையோ முறை பார்த்திருப்பார். ஃபுளோரைடு பாறையிலிருந்து வருகிறது என்பதும், குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பதும் அவருக்குத் தெரியும். ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் ஃபுளோரோசிஸைத் தடுக்கவென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் அங்கே பயன்பாட்டுக்கு வந்ததும் தெரியும். ஆகவே அவர் மனதில் எழும் கேள்வி, இனி இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது.

அந்தக் கேள்வியை நீங்களே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குழாயில் காவிரித் தண்ணீர் வந்த வீட்டில் போர்வெல் தண்ணீர் நின்றுவிட்டதா? மாணவர்களிடம் விசாரித்தால் வகை வகையாகப் பதில் வரும். குடிக்கக் குழாய்த் தண்ணீர், சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் போர்வெல். தண்ணீர் வராத நாளில் எல்லாவற்றுக்கும் போர்வெல். மாட்டுக்கு எப்போதும் போர்வெல். இப்போது கேள்வி தானாகச் சுருங்குகிறது: ஒகேனக்கல் இணைப்பு உள்ள வீடுகளில் போர்வெல் தண்ணீர் எந்தெந்த வேலைக்கு இன்னும் புழங்குகிறது, அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு, கோடைக்கும் மழைக்குப் பிறகும் அது எப்படி மாறுகிறது?

இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய நிறுவனம் விடை தேடினால் வண்டி வைத்து, கணக்கெடுப்பாளர்களை அமர்த்தி ஊர் ஊராகப் போக வேண்டும். உங்களிடம் அறுபது ஊர்களிலிருந்து பஸ் பாஸில் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் அவர்கள் விருந்தாளிகள்கூட இல்லை, வீட்டுக்காரர்கள். சிறிய கல்லூரியின் பலம் இதுதான். இதைப் புரபோசலின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். 'எங்கள் கல்லூரி பின்தங்கிய பகுதியில் உள்ளதால் உதவி தேவை' என்ற வரியை எடுத்துவிடுங்கள். பரிதாபத்துக்கு யாரும் நிதி தருவதில்லை.

முன்னவர்கள் செய்ததைப் படிக்க, நிதியுதவி பெறும் கல்லூரி என்றால் கல்லூரிகளுக்கு மின் இதழ்களும் நூல்களும் தரும் என்-லிஸ்ட் உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்விதழ்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' அரசு நிறுவனங்களுக்கானது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்கா எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே மூன்று ஆய்வேடு வந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். அதை மறைக்காமல் சொல்லி, அவர்கள் விட்ட இடம் எது என்று காட்டுங்கள்.

கையில் இருப்பதைக் கொண்டு ஒரு முறை

செயல்முறைப் பகுதியில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அறுபது ஊர், ஊருக்கு இரண்டு போர்வெல், சித்திரையில் ஒரு முறை, தையில் ஒரு முறை: 240 மாதிரிகள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தால் 720 அளவீடுகள், பருவத்துக்கு 360. இருபது மாணவர்கள் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் ஆளுக்கு இரண்டு என்று நாற்பது அளவீடு முடிப்பார்கள். ஆக, பருவத்துக்கு ஒன்பது சனிக்கிழமை. இந்த நாலு வரி, 'மாதிரிகள் சேகரிக்கப்பட்டு முறைப்படி ஆய்வு செய்யப்படும்' என்று எழுதும் அரைப் பக்கத்தைவிடக் கனமானது. எழுதியவர் லேபில் நின்றவர் என்று தெரியும்.

கருவியும் அப்படியே. ஃபுளோரைடை எஸ்.பி.ஏ.டி.என்.எஸ். (SPADNS) என்ற சாயத்தின் நிறம் குறைவதை வைத்து அளக்கும் முறையில், 570 நானோமீட்டரில், உங்கள் துறையில் இருக்கும் சாதாரண நிறமாலை ஒளிமானியிலேயே அளக்கலாம். அந்த முறை லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரைதான் நேர்கோட்டில் போகும். அதற்கு மேல் உள்ள மாதிரியை நீர்க்கச் செய்து அளக்க வேண்டும். காரத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் பிழை வரும். இந்தக் குறைகளை நீங்களே சொல்லி, பத்தில் ஒரு பங்கு மாதிரிகளை, அதாவது 24 மாதிரிகளை, வேறோர் ஆய்வகத்தில் ஃபுளோரைடு மின்முனை வைத்துச் சரிபார்ப்போம் என்று எழுதுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பாலிஎத்திலீன் பாட்டில்தான் என்பதையும் விடாமல் சேருங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். மதிப்பீட்டாளர் கண் இம்மாதிரி இடத்தில் நிற்கும்.

அனுப்பும் முன்பே பத்து மாதிரியாவது அளந்து, அந்த முடிவை ஓர் அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். செலவு அதிகம் ஆகாது.

வீடு வீடாகக் கேள்வி கேட்பதென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. கல்லூரியில் அப்படி ஒரு குழு இல்லையென்றால் அமைக்கக் காலம் பிடிக்கும். விலங்கு, நுண்ணுயிர் என்றால் அனுமதிகள் தனி. ஒரு விஷயம் அறிவிக்கையில் இருக்காது, நான் சொல்கிறேன்: தண்ணீர் கொண்டுவராத பிள்ளைக்கு இன்டர்னல் மார்க்கில் கை வைக்காதீர்கள். விருப்பமுள்ளவர் மட்டும் என்று எழுதி அதன்படி நடங்கள்.

பட்ஜெட்

புதியவர்கள் முதலில் கருவியை எழுதுவார்கள், பிறகு அதற்கு ஏற்ற கேள்வியைத் தேடுவார்கள். நான் செய்ததும் அதுவே. எஸ்.இ.எம்., என்.எம்.ஆர். மாதிரியான பெரிய கருவிகள் தேவைப்பட்டால், வெளியாருக்கும் அளந்து தரும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் (SAIF) போன்ற மையங்களுக்கு மாதிரி அனுப்பிக் கட்டணம் கட்டலாம். நாட்டில் எங்கே எந்தக் கருவி இருக்கிறது என்று ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். பட்ஜெட்டில் அது 'பகுப்பாய்வுக் கட்டணம்' என்று ஒரு வரியாக முடிந்துவிடும். பராமரிக்க ஆள் எங்கே என்ற கேள்வியும் வராது.

அடுத்தது ஜே.ஆர்.எஃப்., அதாவது புராஜெக்டில் வேலை செய்யும் இளநிலை ஆராய்ச்சியாளர். அவருக்கு 2023 திருத்தத்தின்படி மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு ஆண்டுக்கு வாடகைப்படி இல்லாமலே 8,88,000. சிறிய திட்டத்தின் மொத்தத் தொகையையே இது விழுங்கிவிடும். அதுவும் போக, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேறியவர் இரண்டு ஆண்டு புராஜெக்டுக்காகச் சிற்றூருக்கு வருவாரா? உங்கள் துறை பல்கலைக்கழகம் அங்கீகரித்த ஆய்வு மையமாக இருந்து, பிஎச்.டி.க்குப் பதிவும் செய்யலாம் என்றால் வருவார். இல்லையென்றால் விளம்பரம் கொடுத்து ஆறு மாதம் காத்திருந்து, வந்தவரும் மூன்றாம் மாதம் வேறு வேலைக்குப் போவதைப் பார்க்க வேண்டியிருக்கும். விதி இடம் தந்தால், களப்பணிக்குக் குறுகிய கால உதவியாளர் கேட்பதே எங்களைப் போன்றவர்களுக்குச் சரிப்படும்.

கருவி வாங்கியே தீர வேண்டுமென்றால் மூன்று கோட்டேஷன் வாங்குங்கள், ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா என்று பாருங்கள். நிறுவும் செலவு, யூ.பி.எஸ்., உத்தரவாதத்துக்குப் பிந்தைய பராமரிப்பு இவையும் அதில் இருக்கட்டும். யூ.பி.எஸ்.ஸை மறந்துவிட்டு, வந்த கருவியைப் பல மாதம் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்த துறை ஒன்றை எனக்குத் தெரியும். எந்தத் துறை என்று என் சக ஊழியர்களுக்கும் தெரியும்.

ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி. '120 பாட்டில், இரண்டு பருவத்துக்கும் கழுவிப் பயன்படுத்தப்படும்' என்பது போல. 'கன்டிஜென்சி (சில்லறைச் செலவு) ஒரு லட்சம்' என்று மொட்டையாக எழுதினால் வெட்டுவார்கள். ஓவர்ஹெட் என்ற நிர்வாகச் செலவுத் தொகை கல்லூரிக்குப் போவது. அது உங்கள் பாட்டில் வாங்க இல்லை என்பதை முதல்வரும் நீங்களும் ஆரம்பத்திலேயே பேசித் தெளிந்துகொள்ளுங்கள்.

காலம்

யூ.ஜி.சி. 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியரின் நேரடி வகுப்பு வாரம் பதினாறு மணி. இதை மறைத்துவிட்டு 'முழு நேரமும் ஆய்வில் ஈடுபடுவேன்' என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். நவம்பரும் ஏப்ரலும் பரீட்சை, பிறகு விடைத்தாள் திருத்தம், ஜூனில் அட்மிஷன். காலக்கோட்டில் இந்த மாதங்களைக் காலியாக விடுங்கள். சில சமயம் நாட்காட்டியே உதவும்: சித்திரை மாதிரியைப் பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம் பாட்டிலைக் கொடுத்தனுப்பி எடுக்கச் சொல்லலாம்.

முடிந்தால் வாரம் இரண்டு மணி நேர வகுப்புக் குறைப்புக்கு முதல்வரிடம் எழுத்தில் உறுதி வாங்கி இணையுங்கள். வாய்மொழி உறுதி அடுத்த முதல்வர் வரும்வரைதான்.

மாணவர்களுக்கு ஒரு பக்கம்

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இளநிலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று ஆர்.யூ.ஐ. என்ற தனி வழி உண்டு. அதில் விண்ணப்பிப்பவர், இந்த ஆய்வால் தன் துறைக்கும் மாணவருக்கும் என்ன ஆகும் என்று ஒரு தனி அறிக்கையே எழுத வேண்டும். நம் ஊர்ப் படிவங்களில் பொதுவாக அப்படி ஒரு பெட்டி இருக்காது. இல்லாவிட்டாலும் எழுதுங்கள். எந்த ஆண்டு மாணவர், எத்தனை பேர், என்ன கற்றுக்கொள்வார், மூன்றாமாண்டுக்காரர் போனபின் வேலை யாரிடம் கைமாறும் என்று. கைமாற்றம் முக்கியம், ஒவ்வொரு மே மாதமும் பழகிய கைகள் கல்லூரியை விட்டுப் போய்விடும். இரண்டாமாண்டு மாணவரையும் மூன்றாமாண்டு மாணவரையும் ஜோடியாகப் போட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் ஆயிற்று.

அனுப்பும் முன்

எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் உங்கள் பாடத்துக்காரர், முன்பு புராஜெக்ட் வாங்கியவர். இன்னொருவர் வேறு துறை. நான் எப்போதும் தமிழ்த் துறை நண்பரிடம் சுருக்கத்தைப் படித்துக் காட்டுவேன். 'சரி, இதனால யாருக்கு என்ன சார்?' என்று அவர் கேட்டால் இன்னும் எழுதி முடியவில்லை என்று அர்த்தம்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்க்கும் ஒற்றுமைச் சோதனையை நூலகத்தில் போட்டுப் பாருங்கள். யூ.ஜி.சி.யின் 2018 விதி பத்து சதவீதத்தை எல்லையாக வைக்கிறது. சொந்தக் கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டியதும் பிடிபடும். முதல்வர் கையெழுத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், செயலரும் போட வேண்டுமென்றால் அவர் ஊரில் இருக்கும் வாரமாகப் பாருங்கள். கடைசி நாள் சாயங்காலம் தளம் திறக்காது. ஐந்து நாள் முன்பே ஏற்றிவிட்டு, ஒப்புகை எண்ணை அச்செடுங்கள்.

வல்லுநர் குழு அழைத்தால் பேசச் சில நிமிடம்தான் கிடைக்கும். கல்லூரியின் வரலாற்றில் இரண்டு நிமிடம் போக்காதீர்கள். தள்ளுபடி ஆனால் கருத்துரை கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அதை வரி வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்றினேன் என்று எதிரே குறித்து, அடுத்த அறிவிக்கைக்கு மறுபடி போடுங்கள். எனக்கு மூன்றாவது தடவையில்தான் கிடைத்தது.

பணம் வந்தபின்

அனுமதி ஆணையை முழுதாகப் படியுங்கள், பின்னிணைப்பையும் சேர்த்து. கருவித் தலைப்பில் மிஞ்சியதை ரசாயனத்துக்குப் போட்டால் தணிக்கையில் மாட்டுவீர்கள். கொள்முதல், மத்திய அரசின் பொது நிதி விதிகளான ஜி.எஃப்.ஆர். 2017-இன்படி நடக்க வேண்டும். எத்தனை ரூபாய் வரை நேரடியாக வாங்கலாம், எதற்கு மேல் குழு, டெண்டர் என்ற வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் வாங்கும் நாளில் என்ன நிலவரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் சேரும் வட்டியும் உங்களுடையது இல்லை. மார்ச் 31 முடிந்ததும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். அது போகாமல் அடுத்த தவணை வராது. ஆடிட்டரிடம் பிப்ரவரியிலேயே சொல்லி வையுங்கள், ஏப்ரலில் அவர் கைக்கு எட்டமாட்டார்.

வாங்கிய ஒவ்வொன்றும் அன்றைக்கே ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், பக்க எண் பில்லின் பின்னால் எழுதப்பட வேண்டும். பெட்ரோல் பங்கிலும் கூரியரிலும் தரும் பளபளப்புத் தாள் பில்லை அன்று மாலையே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துப் பின் செய்துவிடுங்கள். அதில் எழுத்து ஆறு மாதம் நிற்காது. தணிக்கைக்காரர் முன் நான் நீட்டிய பதினொரு பில்லில் நாலு வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது.